ஏவிஆரில் ஓடிய ஃபோர்த் நிரல் ரிஸ்க்-ஃபைவில் ஏன் நிற்கிறது?

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். ஏவிஆர் வகைச் செயலி கொண்ட ஆர்டுயீனோ ஊனோ போர்டுக்காக அவரே எழுதிய சிறிய ஃபோர்த் நிரல் மொழி நன்றாக ஓடியது. அதன் அடிப்படைச் சொற்களை (ஃபோர்த்தில் கட்டளைகளைச் 'சொற்கள்' என்பார்கள்) 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாற்றி எழுதிவிட்டு, பழைய நிரல்களை அப்படியே ஏற்றினால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 'எந்தச் செயலிக்கும் எளிதில் போகும் மொழி என்கிறார்களே, அது உண்மைதானா?' என்பது அவருடைய கேள்வி.

உண்மைதான். பில் மியூன்ச்சும் சி. எச். டிங்கும் 1990இல் உருவாக்கிய இஃபோர்த் என்னும் ஃபோர்த் வகையில், ஏறக்குறைய 30 சொற்களே செயலியின் மொழியில் எழுதப்பட்டவை. மற்றவை அனைத்தும் அந்தச் சொற்களைக் கொண்டே கட்டப்பட்டவை. ஆகவே புதிய செயலிக்குப் போகும்போது அந்த 30ஐ மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

கூட்டல் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இஸட்80 என்னும் பழைய 8 பிட் செயலியில், எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கிலிருந்து (ஸ்டாக்) இரண்டு எண்களை எடுத்து, கூட்டி, விடையைத் திரும்ப வைக்க நான்கு கட்டளைகள் போதும். 6502 என்னும் இன்னொரு பழைய செயலியில், கணக்குப் போடும்போது எண்ணை வைத்திருக்கும் பதிவகம் (ரெஜிஸ்டர்) 8 பிட் மட்டுமே என்பதால், முதலில் கீழ் பைட்டைக் கூட்டி, மிச்சத்தை ஏந்திக்கொண்டு மேல் பைட்டைக் கூட்ட வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் அடுக்குக்கென்று தனிக் கட்டளையே கிடையாது. ஆனாலும் அடுக்கின் உச்சி எண்ணை ஒரு பதிவகத்தில் வைத்துக்கொண்டால் மூன்றே கட்டளைகளில் வேலை முடிந்துவிடும். ஒரு செயலியை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நேயரின் சிக்கல் பெரும்பாலும் அந்த அடிப்படைச் சொற்களைக் கொண்டு எழுதிய பழைய நிரல்களில்தான் இருக்கும். ஏவிஆருக்கான ஃபோர்த்தில் ஒரு செல், அதாவது ஓர் எண்ணுக்கான நினைவக இடம், வழக்கமாக 2 பைட். அதனால் அடுத்த செல்லுக்குப் போக முகவரியோடு இரண்டைக் கூட்டி எழுதும் பழக்கம் வந்துவிடுகிறது. 32 பிட்டில் செல் 4 பைட் ஆகிவிடுவதால், அந்த இரண்டு நம்மை ஓர் எண்ணின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். ஃபோர்த்துக்கான 1994ஆம் ஆண்டின் ஆன்ஸி தரத்தில் உள்ள 'செல் பிளஸ்', 'செல்ஸ்' என்னும் சொற்கள், செல்லின் அளவைத் தாங்களே கணக்கில் கொண்டு இதற்காகவே இருக்கின்றன. நிரலில் தனியாக நிற்கும் ஒவ்வோர் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது முகவரிச் சீரமைப்பு. ஏவிஆர் எந்த முகவரியிலிருந்தும் பைட் பைட்டாகப் படிக்கும். ரிஸ்க்-ஃபைவ் சில்லுகள் பலவற்றில், நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து 4 பைட்டைப் படித்தால் செயலி பிழை நிலைக்குப் போய்விடும். ஃபோர்த் தன் சொற்களைச் சேமிக்கும் அகராதியில் ஒரு சொல்லின் பெயரை எழுதியபின், முகவரியைச் சீரமைக்கும் 'அலைன்' என்னும் சொல்லைப் போட மறந்தாலே இது நடக்கும். பாதியில் நிற்பதற்கு எனக்கு முதலில் சந்தேகம் வருவது இதன்மீதுதான்.

ஊனோவில் உள்ள ஏவிஆர் சில்லு ரேமிலிருந்து கட்டளைகளை இயக்காது. அதனால் புதிய சொற்களை ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதும் பகுதி அவருடைய ஃபோர்த்தில் இருந்தால், ரேமிலிருந்தே இயங்கும் சில்லில் அது தேவையில்லை, எடுத்துவிடலாம்.

ரிஸ்க்-ஃபைவை ஆர்ம் என்னும் இன்னொரு வகைச் செயலியோடு ஒரே போர்டில் ஒப்பிட விரும்பினால், ராஸ்பெரி பை பிக்கோ 2 என்னும் சிறிய போர்டு கிடைக்குமா என்று கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதன் சில்லில் ஆர்ம் கோர்களும் ரிஸ்க்-ஃபைவ் கோர்களும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டிலும் செல் 4 பைட்தான். ஆர்ம் பக்கம் ஓடிய நிரல் ரிஸ்க்-ஃபைவ் பக்கம் நின்றால், சீரமைப்பை முதலில் சோதியுங்கள்.