எந்த அண்ணன்?

வணக்கம் நேயர்களே. புகலிடம் கேட்டு வருகிறவரை ஒரு நாடு எப்படி விசாரித்து முடிவெடுக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை. பல வருடம் விசாரணை அறைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். அதிகாரிக்கும் மனுதாரருக்கும் பக்கத்தில் ஒரு மூன்றாவது நாற்காலி போட்டிருப்பார்கள். அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

‘அசைலம் அடித்தாயிற்றா?’ என்று நம்மவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஏதோ முத்திரை அடிக்கிற வேலை மாதிரி. அடிப்பது, அதாவது விண்ணப்பம் கொடுப்பது, ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு இருப்பதுதான் நீளம்.

முதல் மேசையில் பெயர், பிறந்த திகதி, வந்த வழி, குடும்பத்தில் யார் யார் என்று கேட்பார்கள். புகைப்படம், கைரேகை. ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டிலிருந்து யூரோடாக் என்றொரு பொதுப் பதிவேடு இயங்குகிறது. ஒரு நாட்டில் வைத்த விரல் இன்னொரு நாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். வேறு நாட்டில் ஏற்கெனவே விண்ணப்பித்தவர் என்று தெரிந்தால், பெரும்பாலும் ‘அங்கேயே போய்ப் பேசு’ என்பார்கள். இது வாசற்படி மட்டுந்தான். உங்களுக்கு என்ன நடந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

அதைக் கேட்பது விசாரணையில். அங்கே கையில் இருக்கும் அளவுகோல் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை. இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இந்த ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று தகுந்த காரணத்தோடு பயப்பட வேண்டும். வறுமை அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, பயத்தை எப்படி நிரூபிப்பது? தேடி வந்தவன், ‘இன்ன திகதியில் உன்னைத் தேடி வந்தேன்’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டா போவான்? அதனால் பெரும்பாலான கேஸ்களில் சாட்சி ஒன்றே ஒன்று, அந்த ஆள் சொல்லும் கதை. அதிகாரி என்ன செய்வார்? முதல் மேசையில் சொன்னது, எழுதிக் கொடுத்தது, இப்போது வாயால் சொல்வது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இடிக்கிற இடத்தில் பேனா நிற்கும்.

அந்தப் பேனா நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன். என் நண்பர்கள் இதைப் பலமுறை கேட்டுச் சலித்தவர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இளைஞர். படிவத்தில் ஒரு அண்ணன், ஒரு தங்கை என்று இருந்தது. கதை சொல்லும்போது, “அண்ணனைக் கொண்டுபோன அடுத்த நாள், மற்ற அண்ணன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்” என்றார். நான் ‘பிரதர்’, ‘அனதர் பிரதர்’ என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பேனா நின்றது. “உங்களுக்கு ஒரு சகோதரர்தானே? இப்போது இரண்டு பேரா?” பையன் முழிக்கிறான். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “ஓம், ஒரு அண்ணன்தான்” என்கிறான். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது!

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். மற்ற அண்ணன், பெரியம்மாவின் மகன். நம் வாயில் அவரும் அண்ணன்தான். ஆங்கிலத்தில் அவர் ‘கசின்’. பையன் பொய் சொல்லவில்லை, அதிகாரி தப்பாகக் கேட்கவில்லை. பிழை மூன்றாவது நாற்காலியில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டுக்கு விளக்கம் சொல்லக் கூடாது. அனுமதி கேட்டு, ‘இது என் பிழை, பதிவில் எழுதுங்கள்’ என்றேன். எழுதினார்கள். அன்றைக்கு எனக்குக் கண்ணில் பட்டது. படாமல் போன நாட்கள் எத்தனையோ.

‘வந்தவங்கள், கேட்டவங்கள், கொண்டுபோயிட்டாங்கள்’ என்று நாம் ஆளைச் சொல்லாமலே ஒரு முழுச் சம்பவத்தைச் சொல்லி முடிப்போம். கேட்கிற நமக்கு யார் என்று தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. ‘மழை தொடங்கின நேரம்’ என்று ஆள் சொன்னது, படிவம் நிரப்பியவர் கையில் ‘நவம்பர் 15’ ஆகிவிடும். விசாரணையில் அவர் ‘ஒக்டோபர் கடைசி’ என்றால் அது முரண்பாடு.

சரி, அந்த ஆள் உண்மையிலேயே பொய் சொல்லியிருந்தால்? வயதில் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். 1986 ஓகஸ்ட் மாதம். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்காரர்கள் கண்டு ஏற்றினார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்றதற்கு, இந்தியாவிலிருந்து என்றார்கள். கொஞ்ச நாளிலேயே குட்டு உடைந்தது. கப்பல் ஏறியது மேற்கு ஜேர்மனியில். ‘பார்த்தீர்களா, பொய்யர்கள்’ என்று ஒரே சத்தம். ஜேர்மனி என்று சொன்னால் அங்கேயே திருப்பிவிடுவார்கள் என்று பயந்திருப்பார்கள், ஊகிப்பது கடினமில்லை. வந்த வழி பொய்தான், நான் மறுக்கவில்லை. அதற்காக, இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய 1983 ஜூலைக் கலவரமும் பொய்யாகிவிடுமா?

இதை நானாகச் சொல்லவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979இல் அதிகாரிகளுக்கென்று ஒரு கைநூல் வெளியிட்டது. பொய் சொன்னார் என்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணம் ஆகாது, முழுச் சூழலையும் வைத்துப் பார் என்று அதில் இருக்கிறது. உண்மையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் மனுதாரரோடு அதிகாரிக்கும் பங்கு உண்டு என்றும் இருக்கிறது. எல்லா அதிகாரிகளும் அப்படி நடக்கிறார்களா என்று கேட்காதீர்கள். அருமையாகக் கேட்கிறவர்களும் உண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவர்களும் உண்டு.

நேரில் கேட்பது என்பதே ஒரு காலத்தில் உறுதியாக இருக்கவில்லை. கனடாவில் முடிவெடுப்பவர்கள் ஆளைப் பார்க்காமல், எழுத்துப் பிரதியை வாசித்தே நிராகரிக்க முடிந்தது. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, சிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒருவரை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால் அவரை நேரில் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றது. எழுத்துப் பிரதியில் ‘பிரதர்’ என்றுதானே இருக்கும். பெரியம்மா மகன் அதில் எங்கே தெரியப்போகிறார்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம். மேல்முறையீடு பற்றி விரிவாகப் பேச இருந்தேன், அண்ணன் கதை நேரத்தை விழுங்கிவிட்டது. சுருக்கமாக: நிராகரிப்புக் கடிதம் வந்தால் அழுவதற்கு முன் திகதியைப் பாருங்கள். பல நாடுகளில் மேல்முறையீட்டுக்கு நாட்கணக்கில்தான் அவகாசம். அப்புறம், விசாரணை முடிந்து எழுதியதை வாசித்துக் காட்டும் வழக்கம் உள்ள இடங்களில், களைப்பாக இருக்கிறது, சரி சரி என்று கையெழுத்து வைத்துவிடாதீர்கள். மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணன் என்று வருகிற இடத்திலெல்லாம் எந்த அண்ணன் என்று… சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.