தையல் பிரிச்சதும் பிரியாணியா? கொஞ்சம் பொறுங்க

வணக்கங்க. பல் இம்ப்ளான்ட், அதாவது இல்லாத பல்லுக்குப் பதிலா தாடை எலும்புல வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூ, அதை வச்சதுக்கு அப்புறம் எப்படிப் பாத்துக்கணும்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க. வைக்கிறது எங்க வேலை, முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும், அதுக்கப்புறம் நடக்கிறதெல்லாம் உங்க வீட்டு அடுப்படியிலதான்.

சேரை விட்டு எறங்கும்போது தையல் மேல பஞ்சு வச்சு கடிச்சுக்கச் சொல்வோம், அரை மணி நேரமாவது அழுத்திக் கடிச்சிருக்கணும், ஆனா பாதிப் பேரு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்து ரத்தம் நின்னுச்சான்னு பாக்கறாங்க, எடுத்து எடுத்துப் பாத்தா எப்படிங்க நிக்கும். அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு மூடிக்கணும், அதைக் கலைக்கிற எதுவும் அன்னிக்கு வேணாம். துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது. எச்சில் ரோஸ் கலர்ல வந்தா முழுங்கிடுங்க, ஒண்ணும் ஆகாது.

இதுல என் தப்பு ஒண்ணு சொல்றேன். ப்ராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தர்கிட்ட "சூடா எதுவும் வேணாம், இளநி குடிங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். மனுஷன் நேரா ரோட்டோர வண்டிக்குப் போய் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியிருக்கார், சாயங்காலம் கர்சீப்பெல்லாம் ரத்தமா திரும்பி வந்து நிக்கிறார். உறிஞ்சும்போது வாய்க்குள்ள ஒரு இழுப்பு வருதில்ல, அது உறைஞ்ச ரத்தத்தைப் பேத்து எடுத்துடும். இப்பல்லாம் "டம்ளர்ல ஊத்திக் குடிங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்பறேன்.

வீக்கம் ரெண்டாம் நாள் மூணாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், முதல் நாளே ஐஸைத் துணியில சுத்தி 20 நிமிஷம் கன்னத்துல வைக்கிறது, 20 நிமிஷம் எடுக்கிறதுன்னு மாத்தி மாத்திப் பண்ணுங்க. ராத்திரி ரெண்டு தலகாணி. நாலாம் நாளுக்கு மேலயும் வீக்கம் ஏறுது, காய்ச்சல் அடிக்குது, சீழ் வருதுன்னா உடனே போன் பண்ணணும். மரத்துப்போக போட்ட ஊசி சில மணி நேரத்துல விட்டுடும், அடுத்த நாளும் கீழ் உதடோ தாடையோ மரத்தே கிடந்தா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க, நரம்பு அழுந்தியிருக்கலாம்.

24 மணி நேரம் கழிச்சு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு. கடகடன்னு கொப்பளிக்காம தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சு தானா வழிய விடுங்க. சாப்பாட்டுக்கு ஆறின ரசம் சாதம் கொழையப் பிசைஞ்சு, இட்லி, ராகிக் கஞ்சி, தயிர் சாதம். பீடி சிகரெட், வெத்தலையோட வைக்கிற போயிலை, இதெல்லாம் ரத்தக்குழாயைச் சுருக்கிடும், ரத்தம் போகாத இடத்துல எலும்பு எங்க வளரும்? சுகர் இருக்கிறவங்க சுகரைக் கன்ட்ரோல்ல வச்சாத்தான் புண்ணே ஆறும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஏழுல இருந்து பத்து நாள்ல தையல் பிரிச்சிடுவோம், வலி இருக்காது, உடனே பிரியாணி ஞாபகம் வந்துடும். முதல் நாள் அந்த டைட்டானியம் ஸ்க்ரூ மரையோட பிடியிலதான் நிக்குது, அதைச் சுத்தி இருக்கிற பழைய எலும்பு கரைஞ்சு புது எலும்பு வரணும், பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி முழுசா வராத நேரம் ஒண்ணு இருக்கு, சுமாரா மூணாவது நாலாவது வாரம். ஸ்க்ரூ ரொம்ப பலவீனமா இருக்கிறது அப்பதான், உங்களுக்கு துளி வலி இருக்காது. நட்ட நாத்து பச்சை பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாக்கிற கதைதான், அந்தப் பக்கம் சீடை முறுக்கு கடிக்கிறது. டைட்டானியத்தோட எலும்பு ஒட்டிக்கும்னு 1952ல சுவீடன்ல ப்ரோனமார்க்ங்கிற ஆராய்ச்சியாளர் முயல் எலும்புல கவனிச்சார், 1965ல முதல் ஆளுக்கு வச்சார், அந்த இம்ப்ளான்ட் 40 வருஷத்துக்கு மேல அந்த நோயாளி வாயிலயே இருந்துச்சு. பொறுமையா விட்டா அப்படி நிக்கும். கீழ்த்தாடைக்கு மூணு மாசம் போல, மேல்தாடை எலும்பு கொஞ்சம் மெத்துனு இருக்கும், அதுக்கு நாலுல இருந்து ஆறு மாசம்.

அதுவரைக்கும் சிலருக்கு ஈறுக்கு மேல பட்டன் மாதிரி ஒரு சின்ன மூடி தெரியும். நாக்கு சும்மா இருக்காது, போய்ப் போய் அதையே நோண்டும். ஒருநாள் ஆடுற மாதிரி இருந்தா நீங்களா திருகாதீங்க, கழண்டு வந்துட்டா பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வாங்க, ரெண்டு நாள் விட்டாலே ஈறு மூடிக்கும்.

ஸ்க்ரூ மேல கேப், அதாவது செயற்கைப் பல், போட்டதும் வேலை முடியலை. சொந்தப் பல்லுக்கு அடியில எலும்புக்கும் வேருக்கும் நடுவுல ஒரு மெத்தை உண்டு, இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, அதனால உள்ள எலும்பு கரைஞ்சாலும் வலிச்சுச் சொல்லாது. ப்ரஷ் பண்ணும்போது வர்ற ரத்தம்தான் தகவல். இடுக்குல விடற குட்டி ப்ரஷ் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும், சைஸை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கை காட்டறாங்க, டைம் ஆச்சு போல. ஒண்ணு விட்டுட்டேன், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க பல்லுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும், மாத்திரைச் சீட்டை மட்டும் முதல் நாளே கொண்டு வந்து காட்டிடுங்க.