அச்சடித்த உலோகமும் அம்மியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மாநகர முதல்வர் அவர்களே, கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதி வெயிலில் வந்து சேர்ந்த பொறியியற் பீடப் பேராசிரியர்களே, அறுவைக்கூடத்திலிருந்து நேரே வந்திருக்கும் எலும்பு வைத்திய நிபுணர் அவர்களே, முன்வரிசையில் பொன்னாடைக்குக் காத்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் கையில் கிறீஸ் காயாமல் இருக்கும் பட்டறைத் தம்பிமாரே, வணக்கம். விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

துளையுள்ள உலோகத்தை முப்பரிமாண அச்சியந்திரத்தில் அச்சடிப்பது பற்றி மூன்று விடயங்கள்: விறைப்பு, களைப்பு, விலை.

எலும்புக்குள் வைக்கும் தைத்தேனிய (டைட்டானிய) கலப்புலோகத்தின் யங்கின் மட்டு, அதாவது விறைப்பின் அளவு, சுமார் 110 கிகாபாஸ்கல். தொடை எலும்பின் கெட்டிச் சுவருக்கோ 20க்குக் கிட்டத்தான். சுமையை உலோகமே வாங்கிக்கொண்டால் எலும்பு வேலையற்று மெலியும். அதனால்தான் துளை. நூற்றுக்கு 70 பங்கு வெறுமையாக விட்டால் மிஞ்சும் உலோகம் 0.3 பங்கு. துளைகளைச் சூழ்ந்த மெல்லிய சட்டங்கள் வளைந்து சுமை தாங்கும் அமைப்பில் அதை வர்க்கப்படுத்துங்கள்: 0.09. விறைப்பு 10 கிகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். வலிமை வேறு கணக்கு: 0.3ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, அதில் பத்தில் மூன்று. 900 மெகாபாஸ்கல் தாங்கும் உலோகம் 44க்கு வரும்.

இதைப் பனை எப்போதோ செய்துவிட்டது. ஒரு கதை சொல்வார்கள். கஞ்சப் பிரபு ஒருவர் பனை வாங்கித் தச்சரிடம் கொடுத்தாராம். தச்சர் வெளி வைரத்தைக் கூரை வளையாக அரிந்துகொண்டு, நடுவிலுள்ள மென்மையான சோத்தியை வேலியோரம் எறிந்தார். "காசு முழு மரத்துக்கும் குடுத்தனான், சோத்தியையும் ஏத்து!" என்று பிரபு ஒற்றைக்காலில் நின்றார். தச்சர் பேசவில்லை. மாட்டுக் கொட்டிலுக்குச் சோத்தியிலேயே வளை போட்டார். மாரி வந்தது; கொட்டில் மாட்டின் முதுகில் இருந்தது. பிரபு ஓடிவர, தச்சர் சொன்னாராம்: "ஐயா, மாடு தாங்குது, மரந்தான் தாங்கேல்லை!" கைதட்டல் தச்சருக்குச் சேரட்டும். வளையும் மரத்தில் பாரம் வெளிப்புறத்துக்குத்தான். வெளியே நெருக்கமாகவும் உள்ளே ஐதாகவும் சட்டம் வரைவது அதனால்.

வரைவது சுகம், அச்சில் வருவதுதான் வேறு. 15 முதல் 45 மைக்ரோமீற்றர் தூளை 30 மைக்ரோமீற்றர் படையாகப் பரப்பி லேசரால் உருக்குகிறார்கள். படுக்கையான சட்டத்துக்குக் கீழே இருப்பது வெறும் தூள். வெப்பம் அங்கே தேங்கி, அடிப்பக்கம் தொங்கிப்போய், அரைகுறையாய் உருகிய மணிகள் ஒட்டிக்கொள்ளும். உருப்பெருக்கியில் பார்த்தால் தோசைக்கல்லில் சிந்திய சீனி போல. அந்த மணிகள் தராசில் எடை காட்டும், சுமை தாங்கா. எடையை வைத்து விறைப்பைக் கணித்தவர் ஏமாறுவது இங்கேதான். இன்னொன்று: துளைக்குள் சிக்கிய தூளைத் தட்டி, ஊதி எடுத்த பிறகே சூளைக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தூள் அங்கேயே இறுகிவிடும்.

இனிக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் தளர்வது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நன்றாக நடக்கிற ஒருவர் ஒரு காலால் வருடத்தில் பத்து லட்சம் அடி வைக்கிறார். ஒரு தடவை 44 மெகாபாஸ்கல் தாங்கும் சட்டகங்களில், பத்து லட்சம் தடவைக்கு அதில் ஐந்திலொன்றைக்கூடத் தாங்காதவை உண்டு. விரிசல் தொடங்குவது அந்த மணிகளின் கழுத்தில். 920 பாகை செல்சியசில், 100 மெகாபாஸ்கல் ஆகன் வாயு அமுக்கத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் உள்ளே மூடுண்ட குழிகள் அடையும். வெளிச் சொரசொரப்பு அப்படியே நிற்கும். அதற்கு அமிலத்தில் அரிக்க வேண்டும், அரித்தால் சட்டம் மெலியும், அதை வரையும்போதே கூட்டி வைக்க வேண்டும். அடிமேல் அடி, மறவாதீர்கள்.

மூன்றாவது விலை. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், அது நிற்கட்டும்.

நான் கேட்க வந்தது வேறு. கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில், எல்லோரும் அச்சு இயந்திரம் வேண்டுமென்கிறார்கள். முதலில் யாழ்ப்பாணத்தில் யாரும் வந்து பாவிக்கக்கூடிய ஒரு சோதனை மேடை வேண்டும். துளையுள்ள உலோகத்தை நெருக்கிச் சோதிக்கும் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 13314இன்படி மாதிரியின் ஒவ்வொரு பக்கமும் துளையைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 2 மில்லிமீற்றர் துளைக்கு 20 மில்லிமீற்றர் விட்டம், 30 உயரம். 44 மெகாபாஸ்கலுக்கு அது கேட்பது 14 கிலோநியூற்றன்; 50 கிலோநியூற்றன் இயந்திரம் தாராளம். நிமிடத்துக்கு 1.8 மில்லிமீற்றர் நெருக்குங்கள். முதல் ஏற்றத்தின் சரிவை மட்டென்று எழுதிவிடாதீர்கள். முனைகள் சமப்படும் அசைவும் அதில் கலந்திருக்கும். சுமையை இறக்கி ஏற்றி அளக்க வேண்டும். களைப்புக்கு வேறொரு இயந்திரம். அம்மியை நகர்த்தும் இயந்திரம். அதை அடுத்த வருடம் கேட்போம்.

கையொப்பத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. "நெருக்கற் சோதனை இயந்திரம்" என்று எழுதியிருக்கிறோம். தயவுசெய்து யாரும் அதை வெட்டி "பிரிண்டர்" என்று எழுதிவிடாதீர்கள்.