வெட்ஸ்லார் மாவட்டம் எங்கே போயிற்று? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் ஒரு சந்தேகம் எழுப்பியிருக்கிறார். அதை அப்படியே வாசிக்கிறேன்: “என்னிடம் உள்ள பழைய ஜெர்மன் ஆவணம் ஒன்றில் ‘வெட்ஸ்லார் மாவட்டம், கோப்லென்ஸ் ஆட்சி மண்டலம், ரைன் மாகாணம்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இன்றைய வரைபடத்தில் வெட்ஸ்லார் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருக்கிறது; அந்தப் பெயரில் மாவட்டமே இல்லை. ஆனால் அந்த ஊர்க் கார்களின் எண்பலகையில் டபிள்யூ-இசட் என்ற எழுத்துகளைப் பார்க்கிறேன். ஆவணம் தவறா, வரைபடம் தவறா?”

இரண்டுமே சரிதான். ஜெர்மனியில் ஓர் ஊரின் நிர்வாக முகவரி எந்த ஆண்டுக்குரியது என்று தெரியாமல் அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல இயலாது. வெட்ஸ்லார் அதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லான் ஆற்றின் கரையில் இருக்கும் வெட்ஸ்லார், பழைய புனித ரோமானியப் பேரரசில் எந்தச் சிற்றரசருக்கும் கட்டுப்படாமல் நேரடியாகப் பேரரசருக்கு மட்டுமே உட்பட்டிருந்த சுதந்திர நகரம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படைகள் ஸ்பையர் நகரை எரித்தபோது, அங்கிருந்த பேரரசின் உயர் நீதிமன்றம் வெட்ஸ்லாருக்கு இடம் மாறியது. 1806இல் பேரரசு கலைக்கப்படும் வரை அங்கேயே நடந்தது. பிற்காலத்தில் ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞரான கதே, இளம் வழக்கறிஞராக 1772இல் பயிற்சிக்காகச் சில மாதங்கள் வந்து தங்கியதும் இந்த நீதிமன்றத்துக்காகத்தான். நகரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களோ வேறு கதை. அவற்றுள் பெரும்பகுதி சோல்ம்ஸ் குடும்பத்தின் பல கிளைகளிடமும், மற்றவை நசாவ் அரசர்களிடமும் இருந்தன. அதாவது, பிற்காலத்தில் ஒரே மாவட்டமாக ஆகப்போகும் நிலப்பரப்பு அன்றைக்கு ஒரே கையில் இருக்கவில்லை.

1803இல் நகரம் தன் சுதந்திரத்தை இழந்து பேராயரும் பேரரசின் முதன்மை அமைச்சருமான கார்ல் தியோடோர் ஃபொன் டால்பெர்க்கின் கைக்குப் போனது. 1810இல் அவருடைய ஃபிராங்க்ஃபர்ட் பெருங்கோமகவுக்குள், அதாவது கிராண்ட் டியூக் ஆளும் நாட்டுக்குள், சேர்ந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1815இல் வியன்னாவில் கூடிய மாநாடு வெட்ஸ்லாரையும் சோல்ம்ஸ் நிலங்களையும் பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்கு ஒதுக்கியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மக்களின் விருப்பத்தையோ சந்தைத் தொடர்பையோ பார்த்து எடுத்த முடிவு அல்ல. ஆரஞ்சு-நசாவ் என்ற நெதர்லாந்து அரச குடும்பத்தின் பழைய நிலங்களைப் பிரஷ்யா பெற்றுக்கொள்வது, அவற்றில் ஒரு பகுதியை நசாவ் கோமகவுக்கு (டியூக் ஆளும் நாட்டுக்கு) கொடுத்துவிட்டு வேறு இடங்களை வாங்கிக்கொள்வது என்று, நிலப் பண்டமாற்றாகவே எல்லாம் நடந்தது. அந்தக் கணக்கில் மிஞ்சிய துண்டு ஒன்று பிரஷ்யாவின் மற்ற நிலங்களோடு ஒட்டாமல் தனித் தீவாக நின்றுவிட்டது. மேற்கிலும் தெற்கிலும் நசாவ் கோமகவு; கிழக்கிலும் வடக்கிலும் ஹெஸ்ஸன் பெருங்கோமகவு; நடுவில் வெட்ஸ்லார்.

1816இல் பிரஷ்யா தன் புதிய நிலங்களை மாவட்டங்களாகப் பிரித்தபோது இந்தத் தீவில் வெட்ஸ்லார், பிரவுன்ஃபெல்ஸ் என இரண்டு மாவட்டங்களை அமைத்தது. இவ்வளவு சிறிய இடத்துக்கு இரண்டு மாவட்டங்கள் அதிகம் என்பது விரைவிலேயே விளங்கியிருக்க வேண்டும்; 1822இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு வெட்ஸ்லார் மாவட்டம் என்ற பெயர் நிலைத்தது. ரைன் ஆற்றங்கரையில் பிரஷ்யாவுக்கு இருந்த இரண்டு மாகாணங்கள் இணைந்து ரைன் மாகாணம் உருவானதும் அதே ஆண்டில்தான். கோப்லென்ஸ் நகரில் இருந்த மண்டல அரசு வெட்ஸ்லாருக்கு மேலதிகாரியாக இருந்தது. எனவே வெட்ஸ்லாரின் லாண்ட்ராட், அதாவது மாவட்டத் தலைவர், ஒரு கோப்பை மேலிடத்துக்கு அனுப்பினால் அது நசாவ் என்ற வேறொரு நாட்டைக் கடந்துதான் கோப்லென்ஸ் போய்ச் சேரும். நேயரின் ஆவணத்தில் உள்ள மூன்று பெயர்களும் இந்த அடுக்கைத்தான் காட்டுகின்றன.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது 1866க்குப் பிறகு நடந்ததுதான். அந்த ஆண்டுப் போரில் வென்ற பிரஷ்யா, நசாவ் கோமகவை முழுவதுமாக விழுங்கிற்று. வடக்கே இருந்த பீடன்கோஃப் பகுதியையும் ஹெஸ்ஸன் பெருங்கோமகவிடமிருந்து பெற்றது. 1868இல் இவையெல்லாம் ஹெஸ்ஸன்-நசாவ் என்ற புதிய பிரஷ்ய மாகாணமாயின. இப்போது வெட்ஸ்லாரின் மேற்கு, தெற்கு, வடக்கு எல்லைகளுக்கு அப்பால் இருந்தது பெரும்பாலும் அந்த ஒரே மாகாணம். அதனுடன் வெட்ஸ்லாரைச் சேர்ப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். ஆனால் யாரும் சேர்க்கவில்லை. இரும்புத் தாது வெட்டப்பட்டது, ரயில் வந்தது, ஒளியியல் தொழில் வளர்ந்தது, லைக்கா கேமரா பிறந்தது. இவ்வளவுக்கும் பிறகு மாவட்டம் மட்டும் தொலைவில் உள்ள ரைன் மாகாணத்தின் ஒட்டாத துண்டாகவே இன்னும் அறுபத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது.

மாற்றம் 1932இல் வந்தது, அதுவும் வெட்ஸ்லாரை நினைத்து வரவில்லை. பொருளாதார நெருக்கடியில் செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் பிரஷ்யாவுக்கு இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று பெர்லின் மத்திய அரசு, பிரஷ்யாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை நீக்கிவிட்டுத் தன் ஆட்களை அமர்த்தியது. சட்டமன்ற விவாதம் எதுவும் இல்லாமல், ஆகஸ்ட் 1 தேதியிட்ட ஓர் ஆணையின் மூலம் அவர்கள் மாவட்ட எல்லைகளை மாற்றி எழுதினார்கள். அக்டோபர் 1 முதல் வெட்ஸ்லார், ஹெஸ்ஸன்-நசாவ் மாகாணத்தின் வீஸ்பாடன் மண்டலத்துக்கு வந்தது. அதே நாளில் அந்த மாகாணத்தின் ஒட்டாத துண்டாக இருந்த ஷௌம்பர்க் மாவட்டம் ஹனோவர் மாகாணத்துக்குப் போனது. ஆகவே நேயரின் ஆவணம் 1822க்கும் 1932க்கும் இடைப்பட்டது என்பதை அதில் தேதி இல்லாவிட்டாலும் சொல்லிவிடலாம்.

அடுத்த சில பத்தாண்டுகளை விரைவாகக் கடக்கிறேன். 1939இன் தொடக்கத்தில், மாவட்டத்தைக் குறித்த ‘கிரைஸ்’ என்ற சொல் ‘லாண்ட்கிரைஸ்’ ஆனது. நம் நேயர்கள் பட்டியல்களில் இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம், மாவட்டம் ஒன்றுதான். 1945 செப்டம்பரில் அமெரிக்க இராணுவ நிர்வாகம் பெரும் ஹெஸ்ஸன் என்ற மாநிலத்தை அமைத்தபோது வெட்ஸ்லார் அதற்குள் வந்தது. பக்கத்து நகரமான கீஸனும் அதே மாநிலத்தில் சேர்ந்ததால், பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு ஆட்சியாளர்களின் கீழ் இருந்த இவ்விரு நகரங்களும் முதன்முறையாக ஒரே மாநில அரசின் கீழ் அமர்ந்தன. 1956இல் புதிய வாகன எண் முறை வந்தபோது மாவட்டத்துக்கு டபிள்யூ-இசட் எழுத்துகள் கிடைத்தன.

இனி மாவட்டம் மறைந்த கதை. எழுபதுகளில் மேற்கு ஜெர்மனி முழுவதும் சிறிய மாவட்டங்களையும் ஊராட்சிகளையும் இணைத்துப் பெரிதாக்கும் சீர்திருத்தம் நடந்தது. ஹெஸ்ஸன் மாநிலத்தில் 39 மாவட்டங்கள் இருந்தன. அவற்றை 20 ஆகக் குறைத்தார்கள். மாநிலத்தின் நடுப்பகுதியில் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்கும் ஒரு பெரிய நகரம் வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் எண்ணினார்கள். கீஸனுக்கும் வெட்ஸ்லாருக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால், இரண்டையும் அவற்றுக்கு இடையிலும் சுற்றிலும் இருந்த 14 ஊராட்சிகளையும் இணைத்து, 1977 ஜனவரி 1 அன்று ஒரே நகரமாக அறிவித்தார்கள். ஆற்றின் பெயரையே நகரத்துக்கும் வைத்தார்கள்: லான். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அது எந்த மாவட்டத்துக்கும் உட்படாத நகரம். நகரத்துக்குள் போகாத வெட்ஸ்லார் மாவட்டக் கிராமங்கள், கீஸன் மாவட்டத்தோடும் டில்லன்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த டில் மாவட்டத்தோடும் சேர்ந்து லான்-டில் மாவட்டம் ஆயின. வெட்ஸ்லார் மாவட்டம் அன்றோடு முடிந்தது.

காகிதத்தில் பார்த்தால் இந்தத் திட்டத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ஆறு, அருகருகே இருக்கும் ஊர்கள், கீஸனில் பல்கலைக்கழகம், வெட்ஸ்லாரில் தொழிற்சாலைகள். ஆனால் 1607 முதல் பல்கலைக்கழகம் நடத்தும் நகரமும், பேரரசின் நீதிமன்றத்தைத் தாங்கிய நகரமும், ஒரே இரவில் தங்கள் பெயரை இழந்தன. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 1977 மார்ச் 20 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலில், மாநிலத்தை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சிக்கு லான் நகரில் பலத்த அடி விழுந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வென்றது. முதலமைச்சர் ஹோல்கர் பேர்னரின் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. 1979 ஜூலை 31 அன்று லான் நகரம் கலைக்கப்பட்டது. மொத்தம் 31 மாதங்கள். யாரும் கேட்டுச் செய்யாத, பொருத்தமே இல்லாத 1816ஆம் ஆண்டு ஏற்பாடு 116 ஆண்டுகள் நின்றது. நிபுணர்கள் அமர்ந்து வரைந்த ஏற்பாடு மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை. முதலாவதில் கோப்பு போகும் இடம்தான் மாறியது, ஊர் தன் பெயரோடு இருந்தது. இரண்டாவது மக்களின் வீட்டு முகவரியிலேயே கை வைத்தது. தோல்விக்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

கலைத்த பிறகும் எல்லாம் பழையபடி திரும்பவில்லை. கீஸன் மாவட்டம் மீண்டும் வந்தது. ஆனால் முன்பு மாவட்டத்துக்கு உட்படாமல் தனித்திருந்த கீஸன் நகரம் அந்தத் தகுதியைத் திரும்பப் பெறாமல் மாவட்டத்துக்குள்ளேயே அடங்கியது. வெட்ஸ்லார் மாவட்டமோ மீளவில்லை. அதன் பெரும்பகுதியும் டில் மாவட்டமும் லான்-டில் மாவட்டமாகத் தொடர்ந்தன. தலைமையிடம் மட்டும் வெட்ஸ்லார் நகரம். க்ரோஃப்டோர்ஃப்-க்ளைபர்க், விஸ்மார், லௌன்ஸ்பாஹ் ஆகிய ஊர்கள் வெட்டன்பர்க் என்ற ஒரே ஊராட்சியாகிக் கீஸன் மாவட்டத்துக்குப் போய்விட்டன. கார்பன்ஹைம், டூட்டன்ஹோஃபன் முதலிய எட்டு ஊர்கள் வெட்ஸ்லார் நகரத்தோடு ஒட்டிக்கொண்டன. எனவே “வெட்ஸ்லார் மாவட்டம் இன்றைக்கு எது” என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்லி விடை தர முடியாது.

எண்பலகைக்கு வருவோம். லான் நகரத்துக்கு எல் என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்தார்கள். ஜெர்மனி ஒருநாள் இணையும் என்ற நம்பிக்கையில் 1956 முதல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த எழுத்து அது! நகரம் கலைந்த பின்னும் லான்-டில் மாவட்டம் அதை வைத்திருந்தது. 1990இல் நாடு உண்மையிலேயே இணைந்துவிட்டதால் லைப்சிக்கிடம் கொடுத்துவிட்டு எல்-டி-கே என்ற மூன்று எழுத்துகளுக்கு மாறியது. 2012இல் பழைய டபிள்யூ-இசட் திரும்பி வந்தது, ஆனால் மாவட்டத்துக்கு அன்று, வெட்ஸ்லார் நகரத்துக்கு. நேயர் பார்த்த கார்கள் இவைதாம். மறைந்த மாவட்டம் உயிரோடு இருப்பதற்கு அவை சான்று ஆகா.

ஆனால் பழைய ரைன் மாகாணத்தின் சுவடு உண்மையாகவே உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு. மாநில எல்லை மாறினாலும் சீர்திருத்தத் (புராட்டஸ்டண்ட்) திருச்சபையின் எல்லை மாறவில்லை. வெட்ஸ்லார், பிரவுன்ஃபெல்ஸ் வட்டாரச் சபைகள், ஹெஸ்ஸன் மாநிலத்துக்குள் இருந்துகொண்டே, டுசல்டோர்ஃபைத் தலைமையிடமாகக் கொண்ட ரைன்லாந்து திருச்சபைக்கு இன்றும் உட்பட்டவை. 1816இல் இரண்டு மாவட்டங்கள் இருந்தன என்றேன் அல்லவா? அதே இரு பெயர்களில் இரண்டு திருச்சபை வட்டங்கள் நெடுங்காலம் தனித்தனியே இயங்கி, 2019இல்தான் லான்-டில் பகுதிக்குரிய ஒரே வட்டமாக இணைந்தன.

ஆகவே நேயர் தம் ஆவணத்தைப் பட்டியலிடும்போது, அதில் அச்சிட்டிருப்பதைத் திருத்தாமல் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘இன்று ஹெஸ்ஸன் மாநிலம்’ என்று குறித்துக்கொள்ளட்டும். ‘இன்று லான்-டில் மாவட்டம்’ என்பதை மட்டும் ஊர்ப்பெயரைப் பார்த்த பிறகு எழுதவும், ஏனெனில் அது வெட்டன்பர்க் பக்கத்து ஊராக இருந்தால் கீஸன் மாவட்டம் என்று எழுத வேண்டியிருக்கும். அந்த ஆவணத்தின் தொடர்ச்சியைத் தேட விரும்பினால், 1932க்கு முந்தைய மண்டல அரசின் கோப்புகளுக்குக் கோப்லென்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தையும், அதற்குப் பிந்தையவற்றுக்கு வீஸ்பாடன் காப்பகத்தையும் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.