இசாண்ட்ல்வானாவை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

அவையோருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் குவாஜூலு-நேட்டாலுக்குப் போகிறவர்களில் பலர் டர்பன் கடற்கரை, ஒரு காண்டாமிருகம், ஒரு மணி நேர நடனம் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1879இல் ஜூலு மக்கள் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்த இசாண்ட்ல்வானா போர்க்களத்துக்குப் போகிறவர்களோ பிரிட்டிஷ் கல்லறைகளைப் படம்பிடித்துக்கொண்டு அரை நாளில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நிலத்தைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அது தப்பினால் கல்லும் புல்லும்தான் கண்ணில் படும்.

ஆறு இரவுகள் ஒதுக்குங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வானம் தெளிவாக இருக்கும். கோடைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும், மண் சாலைகள் சேறாகும். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் மேற்கே டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போய் இரண்டு இரவு தங்கலாம். ராயல் நேட்டால் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு மதில்போல் நிற்கும் பாறைமுகத்தைக் காலை வெயிலில் பாருங்கள். குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும், கம்பளி உடை அவசியம்.

அங்கே 'லாட்ஜ்' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. இயற்கைச் சூழலில் அமைந்த விடுதி அது. பல இடங்களில் இரவு உணவும் காலை உணவும் வாடகையிலேயே சேரும். வழிகாட்டியோடு போர்க்களம் பார்ப்பதற்கான கட்டணம் அதில் அடங்குமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. சுற்றுவட்டாரத்தில் வேறு உணவகம் இருக்காது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஸ்பியோன்காப் குன்று. போயர்கள் எனப்படும் டச்சு வழிக் குடியேறிகளோடு நடந்த போரில், 1900 ஜனவரி 23 இரவு, மூடுபனியில் பிரிட்டிஷ் படை இந்தக் குன்றின் மேலேறியது. தோண்டினால் சிறிது ஆழத்திலேயே பாறை; மண்வெட்டிகளும் போதவில்லை. விடிந்து பனி விலகியபோதுதான் தாங்கள் உச்சியின் விளிம்பில் இல்லை, சுற்றியுள்ள மேடுகளில் போயர்களின் துப்பாக்கிகளுக்கு நேரே கிடக்கிறோம் என்று தெரிந்தது. அந்த ஆழமற்ற பள்ளமே அவர்களுக்குக் கல்லறையானது. வெள்ளைக் கற்கள் வரிசையிட்ட அந்தப் பள்ளத்தை இன்றும் காணலாம். காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள். 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பல் போனதிலிருந்து தொடங்கும் நம் மக்களின் வரலாறு இந்தக் குன்றுவரை வந்திருக்கிறது. தமிழர்கள் இங்கே ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும்.

அடுத்து இசாண்ட்ல்வானா. டண்டீ ஊரில் பெட்ரோல் நிரப்பி, உபரி டயரில் காற்றுப் பாருங்கள். அதன்பின் கூரிய கற்கள் நிறைந்த மண் சாலை வரும்; வேகமாகப் போனால் டயர் கிழியும். ஆடுமாடுகள் சாலையில் படுத்திருக்கும் என்பதால் பொழுது சாய்வதற்குள் விடுதிக்குப் போய்ச் சேருங்கள்.

சேர்ந்த அன்று களத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஊருக்குள் ஒரு வீட்டைப் பாருங்கள், வழிகாட்டி மூலம் அனுமதி கேட்டு. ஜூலு குடியிருப்பின் பெயர் 'உமூஸி'. அதன் நடுவில் மாட்டுப்பட்டி, சுற்றிலும் குடிசைகள். பழைய முறையில் கட்டிய குடிசை தேன்கூடுபோல் புல்லால் வேய்ந்தது; வாசல் தாழ்ந்திருப்பதால் குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்ததும் வலப்புறம் ஆண்கள், இடப்புறம் பெண்கள். பின்சுவரை ஒட்டிய இடம் 'உம்சாமோ'. முன்னோர்களுக்கு உரியது, அங்கே காலை வைக்கக் கூடாது. தரை புற்றுமண் அடித்துச் சாணம் தேய்த்து மெருகேற்றியது. ஒருவரைப் பார்த்தால் 'சாவுபோனா', பலரைப் பார்த்தால் 'சனிபோனானி' என்று வணங்குங்கள். 'உங்களைப் பார்க்கிறோம்' என்பது அதன் பொருள். எதைக் கொடுத்தாலும் இரு கையால் வாங்குங்கள்.

இந்த வீட்டிலிருந்துதான் போர் விளங்கும். ஒரே வயது இளைஞர்களை ஜூலு மன்னர் ஒரு படைப்பிரிவாகச் சேர்ப்பார். மன்னர் அனுமதிக்கும்வரை அவர்களுக்குத் திருமணம் இல்லை. அந்தப் படைப்பிரிவின் பெயர் 'இபுத்தோ'. கல்யாணம், மாடு, நிலம் எல்லாம் இதில் பிணைந்திருந்தன. 1878 டிசம்பர் 11 அன்று பிரிட்டிஷார் மன்னர் செட்ஷ்வாயோவுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கை இந்த முறையையே கலைக்கச் சொன்னது. எந்த மன்னரும் ஏற்க முடியாத கோரிக்கை அது. 1879 ஜனவரி 11 அன்று பிரிட்டிஷ் படை எல்லை தாண்டியது.

மறுநாள் காலை முதலில் இன்யோனி மேட்டில் ஏறுங்கள். ஜூலு தளபதிகள் போரைப் பார்த்த பக்கம் அது. கீழே பிரிட்டிஷ் முகாமைக் காவல் காத்தவர்கள் வண்டிகளை வளையமாகக் கட்டவில்லை, பள்ளமும் வெட்டவில்லை. பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் பிரபு ஜனவரி 22 விடியுமுன்னே படையில் ஏறக்குறையப் பாதியை அழைத்துக்கொண்டு எதிரியைத் தேடிப் போய்விட்டார். அவர் தேடிய சுமார் 20,000 வீரர்கள் இந்த மேட்டுக்குப் பின்னால், இங்க்வெபெனி பள்ளத்தாக்கில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வகுத்த வியூகத்துக்கு எருமைக் கொம்பு என்று பெயர். நடுவே மார்பு மோதும், இரு கொம்புகளும் சுற்றி வளைக்கும், பின்னால் இடுப்பு காத்திருக்கும். மேட்டில் நின்று பார்த்தால் வலக்கொம்பு இசாண்ட்ல்வானா மலையின் பின்பக்கமாகச் சுற்றிய வழி தெளிவாகத் தெரியும். கீழே முகாமில் நின்றால் அது தெரியாது. அன்று அங்கே நின்றவர்களுக்கும் தெரியவில்லை. மிக நீளமாகப் பரப்பிய சுடுவரிசை உடைந்தது. முகாம் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பிறகு கீழே இறங்குங்கள். வெள்ளையடித்த கற்குவியல்கள் ஒவ்வொன்றும் புதைகுழி. மாண்டவர்களின் வயிறு கிழிக்கப்பட்டதைக் கொடூரம் என்றே பிரிட்டிஷார் எழுதினார்கள். ஆவி உடலில் சிக்காமல் வெளியேறவும், கொன்றவனைத் தீட்டு பற்றாமலிருக்கவும் செய்த சடங்கு அது. வீட்டில் உம்சாமோவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது எளிதில் புரியும். கல்லையோ தோட்டா உறையையோ எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற பிரிட்டிஷ் காவல் முகாமைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியூகத்தில் 'இடுப்பாக' இருந்து, போரிட வாய்ப்புக் கிடைக்காத பிரிவுகள்தான் மன்னரின் ஆணையை மீறி எருமை ஆற்றைக் கடந்து அங்கே போயின. அங்கிருந்த பிரிட்டிஷ் தரப்பினர் சுமார் 150 பேர் சோள மூட்டைகளையும் ரொட்டிப் பெட்டிகளையும் அடுக்கி இரவெல்லாம் தாக்குப்பிடித்தார்கள். வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய விருதான விக்டோரியா சிலுவைகள் 11 இந்தச் சண்டைக்கு வழங்கப்பட்டதால் காலைத் தோல்வியை மாலைப் புகழ் மூடியது. காலையில் இதைப் பார்த்தால் நீங்களும் அப்படியே நினைத்துவிடுவீர்கள்.

கடைசியாக உலுண்டி, அங்கிருந்து இலுலுவே-இம்ஃபொலோஸி சரணாலயம் பக்கம்தான். 1879 ஜூலை 4 அன்று உலுண்டியில் பிரிட்டிஷ் படை சதுரமாக நின்று சுட்டு வென்றது. மன்னரின் ஒண்டினி தலைநகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அந்தச் சூட்டில் மண் தரைகள் செங்கல்போல் வெந்து இறுகின. அகழ்ந்தெடுத்த அந்தத் தரைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. குனிந்து பார்த்தால் நடுவில் அடுப்பு இருந்த வட்டமும் தெரியும்.