வார்த்தை புரியாத பாட்டுகள்

வணக்கம். பிடித்த ராக் பாட்டுகளைப் பற்றிப் பேசுங்கள், ஒரே நாட்டோடு நின்றுவிடாதீர்கள் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சொன்னபோது உடனே தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பட்டியல் போட்டபோதுதான் உறைத்தது, அதில் முக்கால்வாசிப் பாட்டுகளின் மொழி எனக்குத் தெரியாது. ரஷ்ய மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது, துருக்கியில் வழி கேட்கத் தெரியாது, ஆனால் இரண்டிலும் நாலைந்து பல்லவிகளை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். உச்சரிப்பு எப்படி என்று அந்த நாட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். நல்லவேளை, இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆங்கிலமும் எனக்கு முதலில் அப்படித்தான். பிளாக் சபாத் குழுவின் 'அயர்ன் மேன்' பாட்டை முதல்முறை கேட்டபோது ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, அந்தக் கிட்டார் மட்டும் கனத்த இரும்புக் கதவை யாரோ இழுத்து இழுத்துச் சாத்துவது போல வந்துகொண்டே இருந்தது. அதை வாசித்தவர் கதை பல வருடம் கழித்துத் தெரிந்தது. டோனி அயோமி, பர்மிங்காமில் ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குல்லா மாதிரி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகள் போட்டு, பிற்பாடு சுருதியையும் கீழே இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டல் என்று பின்னால் பேர் வாங்கிய அந்தக் கனத்த நாதத்தில் ஒரு பங்கு, அடிபட்ட விரல் தனக்குத் தேடிக்கொண்ட வசதி. பாட்டின் வரிகளையும் ஒருநாள் தேடிப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஆனால் எல்லாப் பாட்டிலும் இப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. அயர்லாந்தின் கிரான்பெரீஸ் குழு 1994-ல் வெளியிட்ட 'ஸாம்பி'யில், டோலரஸ் ஓ'ரியோர்டனின் குரல் உடைந்து உடைந்து மேலே ஏறும் இடத்தைக் கேட்டு, யாரோ காதலனோடு சண்டை போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் கடைத்தெருவில், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு வைத்த குண்டுகளுக்கு 3 வயதுக் குழந்தை ஒன்றும் 12 வயதுப் பையன் ஒருவனும் பலியானார்கள், அந்தக் கோபத்தில் அவர் எழுதிய பாட்டு அது. தெரிந்த பிறகு அதை வண்டி ஓட்டும்போது தாளம் போட்டுக் கேட்க முடியவில்லை. பாட்டு அதேதான், ஒரு சுரம்கூட மாறவில்லை.

கேட்பவனுக்கு இந்தச் சிக்கல் என்றால், பாடுபவனுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். ராக் பிறந்தது அமெரிக்காவில், வளர்ந்தது ஆங்கிலத்தில். இதை வேறு நாட்டுக்காரன் எடுத்தால் எந்த மொழியில் பாடுவது? சும்மா கேட்கிற கேள்வி இல்லை, இதற்காக ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்பானில் 1970 வாக்கில் இது பத்திரிகைச் சண்டையாகவே நடந்தது. ஜப்பானிய மொழி ராக் தாளத்தில் உட்காராது, அதில் ஒவ்வொரு அசையும் ஒரே அளவாக நடக்கும், ஆங்கிலம் போல ஒரு சொல்லை நசுக்கி ஒரு சொல்லை இழுத்துப் பாட முடியாது, உலகம் கேட்க வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று ஒரு கட்சி. பாடகர் யூயா உச்சிடா அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் ஹாப்பி எண்ட் என்று நாலு பேர் குழு. அவர்கள் வாதம் செய்ததைவிட 1971-ல் 'கஸெமாச்சி ரோமன்' என்று ஓர் ஆல்பம் போட்டதுதான் சரியான பதில். அதில் டிரம்ஸ் வாசித்த தகாஷி மட்சுமோட்டோதான் பாட்டுகளையும் எழுதினார், தாளம் போடுகிறவனே வரியும் எழுதினால் சொல் எங்கே விழ வேண்டும் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? கேளுங்கள், சொற்கள் அவசரமே படாமல் நடக்கும், கீழே கிட்டார் அமெரிக்கக் கிராமத்துச் சாயலில் ஓடும், இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. கடைசி ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலிஸ் போய்ப் பதிவு செய்தார்கள், அதன் கடைசிப் பாட்டுக்கு வைத்த பெயர் 'சயோனாரா அமெரிக்கா, சயோனாரா நிப்பான்'. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஹருவோமி ஹொசோனோதான் பிறகு யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார், அது வேறு கதை, அதற்குள் போனால் திரும்பி வர மாட்டேன்.

துருக்கியில் இதே கேள்விக்கு ஒரு செய்தித்தாள் பதில் சொன்னது. ஹுரியெத் 1965-ல் தங்க மைக்ரோஃபோன் என்று ஒரு போட்டி வைத்தது. மேற்கத்திய வாத்தியம் வாசிக்கலாம், ஆனால் பாட்டு துருக்கிய மொழியில் இருக்க வேண்டும். அதுவரை எல்விஸ் பாடிக்கொண்டிருந்த பையன்கள் நாட்டுப்பாடல்களைத் தேடி ஓடினார்கள். அனதோலிய ராக் என்று சொல்லும் வகை அதில்தான் சூடு பிடித்தது. எர்கின் கொராய் ஒரு படி மேலே போய் பாக்லாமா என்ற நீளக் கழுத்து நாட்டு வாத்தியத்துக்கே மின்சாரம் கொடுத்துவிட்டார். அந்த நாதம் கிட்டாரில் வராது, கிட்டாரின் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற சுரங்களில் அது போய் நிற்கும், நம் காதுக்கு அது அந்நியமாகவே படாது. ஜெம் கராஜாவின் அடிவயிற்றுக் குரலும் எனக்குப் பிடிக்கும். 1980 ராணுவப் புரட்சியின்போது அவர் ஜெர்மனியில் இருந்தார், குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள், 1987-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது.

வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது, சில நாடுகளின் ராக் வளர்ந்ததற்கு வானொலியே காரணம். அதுவும் விசித்திரமான காரணம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி உள்ளூர் ராக்கரை விரட்டி விரட்டித் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனோடு போர் வந்ததும் வானொலியில் ஆங்கிலப் பாட்டு கூடாது என்றாகிவிட்டது. சரி, ஒலிபரப்பு நேரத்தை எதை வைத்து நிரப்புவது? நேற்றுவரை ஓரங்கட்டி வைத்திருந்த ஸ்பானிஷ் ராக்கைத்தான் எடுத்துப் போட்டார்கள். போர் பத்து வாரத்தில் முடிந்தது, பாட்டு நிற்கவில்லை. அதே வருடம் ப்யூனஸ் அயர்ஸில் தொடங்கிய சோடா ஸ்டீரியோ, லத்தீன் அமெரிக்கா முழுக்க மைதானம் மைதானமாக நிரப்பியது. அவர்களுடைய 'தெ மூசிகா லிஹெரா'வைக் கேட்டால் எனக்கு இன்னும் கால் தரையில் நிற்காது.

ஜாம்பியாவில், 1970-களில், வானொலியில் ஒலிப்பதில் 95 சதவீதம் ஜாம்பிய இசையாக இருக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டாவின் அரசு சொன்னது. அங்கே அப்போது பையன்கள் கையில் இருந்ததோ மின்கிட்டார். ஆக, நாட்டுப்பற்றோடு ராக் வாசித்தார்கள். ஜாம்ராக் என்று பெயர். அதில் பெரிய குழு விட்ச், பாடகர் இம்மானுவேல் சாண்டா, ஆனால் எல்லாரும் கூப்பிடுவது ஜகாரி என்று, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜேகரின் பெயரை ஆப்பிரிக்க நாக்குக்கு ஏற்றபடி வளைத்தது. ஜாம்பியா தாமிரத்தை விற்றுப் பிழைத்த நாடு, எழுபதுகளின் நடுவில் அதன் விலை விழுந்தது, ஊரடங்கு வந்தது, ராத்திரிக் கச்சேரி பிழைப்பு போனது, பிறகு எய்ட்ஸ் நோய் அந்தத் தலைமுறை இசைக்காரர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது. ஜகாரி ரத்தினக்கல் சுரங்கம் தோண்டப் போனார். பழைய இசைத்தட்டுகளை வெளிநாட்டில் மறுபடி அச்சடித்த பிறகு மேடைக்குத் திரும்பி, 2023-ல் 'ஸாங்கோ' என்று ஒரு புது ஆல்பமே வெளியிட்டார். விட்ச்சின் 1975 ஆல்பம் 'லேஸி போன்ஸ்' என் பட்டியலில் முதல் ஐந்துக்குள். ஆனால் அதில் பாடுவது ஆங்கிலத்தில்! தாய்மொழியில் பாடினால்தான் ராக் உண்மையாக ஒலிக்கும் என்று நண்பர்களிடம் மணிக்கணக்காக அளந்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இந்தத் தட்டு என் வாயை அடைத்துவிடும்.

ஜெர்மானியக் குழு கேன் அதைவிட மோசம். கொலோன் நகரத்துக்காரர்கள், 1970-ல் மியூனிக் தெருவில் கத்திக்கொண்டிருந்த டாமோ சுஸுகி என்ற ஜப்பானிய இளைஞரைப் பார்த்து, இன்று ராத்திரி எங்களோடு பாடுகிறாயா என்று கேட்டு, ஒத்திகைகூட இல்லாமல் அன்றைக்கே மேடையேற்றினார்கள். அவர் பாடியது பாதி ஆங்கிலம், மீதி என்ன மொழி என்று தேடுவதில் பலனில்லை. பின்னால் ஜாக்கி லீபெஸைட்டின் டிரம்ஸ், கடிகாரம் தோற்கும், ஆனால் கடிகாரத்துக்கு இல்லாத ஒரு துள்ளல் அதில் உண்டு. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் இதன் கடைசி எல்லை. 2002-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்துக்குப் பெயரே கிடையாது, அட்டையில் இரண்டு அடைப்புக்குறி மட்டும், எட்டுப் பாட்டுக்கும் தலைப்பு இல்லை, பாடுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, ஒரு சில அசைகளைத் திருப்பித் திருப்பிப் பாடுவார் யோன்ஸி, அதுவும் கிட்டாரை வில்லால் இழுத்துக்கொண்டே. உள்ளே இருந்த கையேட்டில் வெறும் தாள்கள். கேட்பவரே வரிகளை எழுதிக்கொள்ளட்டுமாம். நான் எழுதிப் பார்த்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்வதாக இல்லை.

இனி, இந்தப் பேச்சு முழுக்க நான் சுற்றி வந்துகொண்டிருந்த ஆள். விக்டர் சோய். லெனின்கிராட்காரர், கினோ குழுவின் பாடகர், அப்பா கொரிய வம்சம். சோவியத் யூனியனில் வேலை இல்லாமல் இருப்பதே குற்றம், பாட்டுப் பாடுவது வேலைக் கணக்கில் வராது, ஆகவே ராக்கர்கள் இரவுக் காவல், கொதிகலன் அறை என்று யாரும் எட்டிப் பார்க்காத வேலைகளில் சேர்ந்துகொள்வார்கள். சோய் கம்சாட்கா என்று செல்லப்பெயர் வைத்த ஒரு கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டார். 1988-ல் வந்த 'க்ரூப்பா க்ரோவி'தான் நான் கேட்ட முதல் ரஷ்யப் பாட்டு. பெரிய குரல் இல்லை. ஏற்ற இறக்கம்கூட அதிகம் இல்லை, ஏதோ பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் தன் பாட்டுக்குப் பேசுவது போலத் தட்டையாகப் பாடுவார், பேஸ் கிட்டார் மட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையில் என்னமோ ஒரு தீர்மானம் தெரிந்தது. போருக்குப் போகும் பாட்டு என்று யாரும் சொல்லாமலே தோன்றியது. பிறகு பார்த்தால் தலைப்பின் பொருள் இரத்த வகை, சிப்பாயின் சட்டைக் கையில் எழுதியிருக்கும் இரத்த வகை, போய்வருகிறேன், வாழ்த்தி அனுப்பு என்கிறவன் பாட்டு. சோவியத் படை அப்போது ஆப்கானிஸ்தானில் இருந்தது. 1990 ஆகஸ்ட் 15 அன்று லாட்வியாவில் கார் விபத்தில் சோய் இறந்தார், வயது 28. மாஸ்கோவின் அர்பாத் தெருவில் ஒரு சுவர் முழுக்க அவருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன ஆச்சரியம். சீன ராக்கின் தந்தை என்று சொல்லும் சுய் ஜியானும் கொரிய வம்சம்தான், சோயைவிட ஒரு வயது மூத்தவர். பெய்ஜிங்கில் சிம்பொனிக் குழுவில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர், 1986-ல் ஒரு மேடையில், கையில் ஒன்றுமே இல்லாதவன் காதலியைக் கூப்பிடுகிற ஒரு பாட்டைப் பாடினார், மூன்று வருடம் கழித்து தியனன்மென் சதுக்கத்தில் போராடிய மாணவர்கள் அதைப் பாடினார்கள். பாட்டில் சுவோனா என்ற வாத்தியம் வரும், நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் அடிக்க அது பிய்த்துக்கொண்டு கிளம்பும்போது மொழி தெரியாத குறையே இல்லை.

சஹாராவின் டினாரிவென் குழு பற்றி ஒன்றே ஒன்று. அதைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப் சின்னப் பையனாக ஒரு சினிமாவில் கிட்டார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி, மூன்றையும் வைத்துத் தானே ஒன்று செய்துகொண்டார். அந்தக் குழு 2012-ல் கிராமி வாங்கியது. பரிசுக்காகச் சொல்லவில்லை, அவர்கள் வாசிப்பில் இன்னும் அந்தத் தகரம் எங்கேயோ ஒலிக்கிறது.

அப்புறம் ஆஸ்திரேலியா. ஏசி/டிசி என்று ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், அவர்களுக்கு என் சிபாரிசு தேவையில்லை. பப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பிலிருந்து வந்த வாரும்பி பேண்ட், 1983-ல் லுரிஜா மொழியில் ஒரு பாட்டு வெளியிட்டது, பழங்குடி மொழி ஒன்றில் வந்த முதல் ராக் தட்டு. சிறையிலிருந்து வெளியே வந்தவன் பாட்டு. அவர்களோடு 1986-ல் பாலைவன ஊர்களைச் சுற்றிய மிட்நைட் ஆயில் குழு, திரும்பி வந்து 'பெட்ஸ் ஆர் பர்னிங்' பாடியது, நிலத்தை அதன் சொந்தக்காரர்களிடம் கொடுங்கள் என்று. 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் அதையே பாடினார்கள், கறுப்பு உடையில் 'மன்னிக்கவும்' என்று எழுதிக்கொண்டு, பழங்குடிகளிடம் மன்னிப்புக் கேட்க மறுத்த பிரதமர் அரங்கத்தில் உட்கார்ந்திருக்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் பாக்கி. முடிவில் ஒரு பாட்டு போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கேன் போட்டால் அடுத்த நிகழ்ச்சியையே தின்றுவிடும், சிகுர் ரோஸும் அப்படித்தான். ஆகவே பெருவுக்குப் போவோம். லிமாவில் 1965-ல் லாஸ் சைகோஸ் என்று நாலு பையன்கள், கத்தலும் வேகமுமான ராக்குக்குப் பங்க் என்று பெயர் வருவதற்குப் பல வருடம் முன்னால், தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். 'டெமொலிசியோன்' என்று பெயர். என்னதான் கத்துகிறார்கள் என்று கடைசியாக ஒருநாள் ஸ்பானிஷ் தெரிந்தவரிடம் கேட்டேன். ரயில் நிலையத்தை இடிக்கலாம் வாங்க என்கிறார்களாம். பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் பாட்டில் இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.