முழங்காலை ஊன்றித் தண்டால் எடுக்கலாமா? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பேச்சைக் கேட்ட ஓர் அம்மா அனுப்பிய கேள்வி என்னை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது. வீட்டிலிருந்தபடி செய்யும் வலுப்பயிற்சி வீடியோ ஒன்றை அவர் பார்த்துச் செய்கிறார். அதில் வரும் இளம்பெண் 40 விநாடி இடைவிடாமல் தண்டால் எடுத்து, 20 விநாடி மட்டும் ஓய்வெடுக்கிறார். 50 வயதைத் தாண்டிய இவரால் மூன்றுக்கு மேல் முடியவில்லை. "முழங்காலை ஊன்றிச் செய்தால் பலன் உண்டா, இல்லை அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?" என்று கேட்கிறார்.

ஏமாற்று இல்லை, அம்மா. உங்கள் தசைக்குத் திரையில் இருப்பவர் எத்தனை எடுத்தார் என்பது தெரியாது; தன்மேல் எவ்வளவு பாரம் ஏறியது, எந்த அளவுக்குக் களைத்தோம் என்பதுதான் தெரியும். தொடர்ந்து கேட்பவர்கள் நான் அடுத்துச் சொல்லப்போவதை ஊகித்திருப்பீர்கள்: கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்க வேண்டும், ஆனால் அப்போதும் இடுப்பு தொய்யக் கூடாது. அந்த இரண்டு தடவை, கைகளை எந்த உயரத்தில் வைத்தாலும், எந்த எண்ணிக்கையில் வந்தாலும் சரிதான்.

தரையில் முழுத் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதத்தைக் கைகள் தாங்குகின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முழங்காலை ஊன்றினால் அது 49 சதவீதமாகக் குறைகிறது. கைகளை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55 சதவீதம்; 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41 சதவீதம். அதாவது 60 கிலோ எடையுள்ளவர் தரையில் 38 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளுகிறார். 60 சென்டிமீட்டர் உயரத்தில் 25 கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் சுமார் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்காம் படிக்கும் தரைக்கும் இடையில் உங்களுக்கு வேண்டிய பாரமெல்லாம் வரிசையாக இருக்கிறது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு முழங்காலைத் தரையில் ஊன்றினாலே வலிக்கும். ஆகவே அவர் முதலில் சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொடங்கினார், பிறகு மாடிப்படிக்கு வந்தார். எந்தப் படியில் கைவைக்கிறார் என்பதைப் பக்கச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்த நாளில் பழைய கோட்டை அழித்துவிட்டு ஒரு படி கீழே புதிதாகப் போடுவார். படியில் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: தலைமுதல் குதிகால்வரை உடலை நேராக நிறுத்த வேண்டியிருப்பதால், வயிறும் இடுப்பும் முழுத் தண்டாலுக்கு இப்போதே பழகிவிடுகின்றன.

பஸ்கிக்கும் இதே கணக்குதான். வீடியோவில் குதித்து எழுந்தால், நீங்கள் சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். அது எளிதானதும், மனத்துக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். டம்பெல் இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாம், அது ஒரு கிலோ.

அந்த 40 விநாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கும் இத்தனை விநாடி என்று அது வரையறுக்கவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் ஓய்வெடுத்தால் அடுத்த சுற்றில் கடைசி இரண்டையும் ஒழுங்காக எடுப்பீர்கள்.

உண்மையில், எப்படிக் குறைப்பது என்பதைவிட எப்போது கூட்டுவது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் எனக்கு ஏக்கம். ஒருமுறை எளிதாக்கிக்கொண்டவர்கள் பலர் வருடக்கணக்கில் அதே சுவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி இரண்டு கடினமாக இருந்த காலம் போய், இருபதும் எளிதாகிவிட்டதைக் கவனிப்பதில்லை.

மறுநாள் தசை வலிப்பது இயல்பு, சில நாளில் தணியும். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. தள்ளி எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

அம்மா, நாளைக்கு நான்காம் படியில் தொடங்குங்கள். எட்டு தடவை வராவிட்டால் ஒரு படி மேலே போங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.